முள் நிற்கக் காத்திருந்த மூன்று நாள்

தனுவச்சபுரத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் அரபிக்கடலை நீளவாக்கில் விரித்துப் போட்டிருந்தார்கள்.

வாசற்படியில் தொடங்கி, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய், அடுக்களை வாசலில் முடிந்தது அது. ஒரு முழ அகலக் காகிதம். அதில் கறுப்பு மையில் ஏறியும் இறங்கியும் போகும் கோடு. ஒவ்வொரு நாளிலிருந்தும் சில நிமிடங்களை வெட்டி எடுத்து, நாளுக்குக் கால் எட்டி வைக்கும் ஓர் எட்டு நீளம் என்று அச்சடித்திருந்தார்கள். காகிதம் பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தி, ஓரங்களில் மரச்சீனிக் கிழங்குகளை வைத்திருந்தார்கள். அன்று காலையில் பிடுங்கிய கிழங்கு. புழுங்கும் அறையில் ஈரமண் மணம்.

காகிதம் நடுவில் ஓர் இடத்தில் விட்டுப்போய், வெறும் சிவப்புத் தரை தெரிந்தது. மூன்று எட்டு அகலம். அந்தப் பக்கம் போக வசதியாக இருக்கிறதே என்று நான் அதில் கால் வைத்தேன்.

“அங்க மிதிக்காண்டாம் அண்ணா,” என்றார் அந்த வீட்டுக்காரர் பிந்து டீச்சர். “அது மூணு நாளு ஆக்கும்.”

காலை எடுத்துக்கொண்டேன்.

அந்த மூன்று நாளும் என் கையில்தான் இருந்தன, ஒரு நோட்டுப் புத்தகமாக. பிளாஸ்டிக் உறையில் சுற்றி, குன்னத்துகாலிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது. நான் எழுதிய ஒன்றை இன்னொருவர் கேட்டு வாங்குவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

டீச்சரின் கணவர் விஜயன் அடுக்களை வாசலில் தேநீர்த் தம்ளருடன் நின்றார். ஐ.டி.ஐ.யில் வேலை பார்ப்பவர். நாலு நாளாகத் தனக்குச் சுவரோரமாகத்தான் நடமாட்டம் என்று என்னிடம் புகார் சொன்னார். “நான் கடப்புறத்துல பெண்ணு கெட்டியிருந்தாக்கூட இத்தற கடலு வீட்டுக்குள்ள வந்திருக்காது.”

டீச்சர் சிரிக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நோட்டுக்குக் கை நீட்டினார்.

கப்பலுக்குப் போன வழி

சூரத் சாயப்பட்டறையைப் பற்றி நான் அண்மையில் எழுதியதைப் படித்த சிலர், அங்கிருந்து கப்பலுக்கு எப்படித் தாவினாய் என்று கேட்டிருந்தார்கள். தாவவெல்லாம் இல்லை. வெல்டிங் தெரிந்தவனை எங்கேயாவது ஒரு ஓட்டை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உதியன்குளங்கரையில் ரப்பரும் மிளகும் வாங்கும் ஒரு மலஞ்சரக்குக் கடையில் ரப்பர் ஷீட் நிறுத்துப் போட்டேன். அது நாலைந்து வருஷம். பிறகு ஒரு குவாரி. பாறசாலையில் கிரில் பட்டறை. மங்களூரில் படகு கட்டும் இடம். சூரத். கடைசியில் வளைகுடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளம்.

அங்கே கோடையில் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் வைப்போம். மயங்கி விழுந்தவனைக் கயிறு கட்டி மேலே தூக்குவோம். தண்ணீர் கொடுப்போம். சாயங்காலம் அவன் மறுபடி இறங்குவான். என்னையும் இரண்டு தடவை தூக்கியிருக்கிறார்கள். அந்தத் தளம் கொடுத்த சான்றிதழைக் காட்டித்தான் ஒரு பழைய சரக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. கப்பலில் உடைவதையும் ஒழுகுவதையும் சரிசெய்கிறவன் ஃபிட்டர்.

பழைய கப்பல் என்றேன். அதை இன்னும் சில வருஷம் ஓட்ட வேண்டும் என்று கம்பெனிக்கு ஆசை. கப்பலுக்குச் சான்று கொடுக்கும் சர்வேயர், மழைக்காலக் கடலில் இதன் உடம்பு எப்படி வளைகிறது என்று அளந்து ஒரு அறிக்கை கொண்டுவாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அதை அளக்க வந்தவர்தான் பிந்து டீச்சர். ஒரு கல்லூரியில் கப்பல் கட்டும் படிப்பு சொல்லிக்கொடுக்கிறவர்.

தலைக்குப் பெரிதான ஒரு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏணி ஏறி வந்தார். கொதிக்கும் தளத்தில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். கப்பலின் நட்ட நடுவில், இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என இரண்டு இடங்களைச் சாக்கட்டியால் குறித்து, பெயிண்டைச் சுரண்டி இரும்பைப் பளபளக்க வைக்க ஆள் கேட்டார். என்னை அனுப்பினார்கள்.

தேய்த்தேன். விரலால் தடவிப் பார்த்து, இன்னும் என்றார். தேய்த்தேன். இன்னும் என்றார். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அவரே துடைத்தார். பஞ்சு கறுத்தது. வேறு பஞ்சு. அதுவும் கறுத்தது. பதினோராவது பஞ்சு வெள்ளையாகவே வந்த பிறகுதான் பையைத் திறந்து, கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு தகட்டுத் துணுக்கை எடுத்து ஒட்டினார். ஒட்டிவிட்டு அதன்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சுகூட விட்டாரா என்று தெரியவில்லை.

இரண்டாவது இடத்தில் கிரைண்டர் என் கையிலிருந்து துள்ளியது. நான் அதை நம்மூர்ப் பாஷையில் திட்டினேன். ஹெல்மெட் சட்டென்று திரும்பியது.

“நீங்க எந்த ஊரு?”

குன்னத்துகால் என்றேன். தனுவச்சபுரம் என்றார். அதன் பிறகு அந்தக் கப்பலில் நாங்கள் இரண்டு பேரும் இந்தியோ இங்கிலீஷோ பேசிக்கொள்ளவில்லை.

இரும்பின் முதுகு

நீளமான கப்பலின் பின்பக்கத்தில் நின்று, பெரிய கடலில், முன்பக்கக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும். கம்பம் மெல்லத் தலைகுனியும், பிறகு நிமிரும். முதலில் என் கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

டீச்சர் சொன்னார். அலையின் மேடு கப்பலின் நடுவயிற்றுக்கு அடியில் வந்தால் இரண்டு முனையும் தொங்கும், மேல்தளம் இழுபடும். மேடு இரண்டு முனைக்கும் போய்விட்டால் நடு தொங்கும், மேல்தளம் நெருக்குப்படும். எட்டு வினாடி, பத்து வினாடிக்கு ஒரு தடவை இது நடக்கும். ஒட்டிய துணுக்கும் தளத்தோடு சேர்ந்து இழுபட்டு, சேர்ந்து சுருங்கும். தலைமயிரில் நூறில் ஒரு பங்கு நீண்டால்கூட அதிலிருந்து போகும் கம்பி ரெக்கார்டர் பெட்டிக்குச் சொல்லிவிடும்.

ஒரு பெரிய அலை கப்பலை உடைத்துவிடும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். பெரிய அலை அபூர்வம்தான், ஆனால் சின்ன அலைகளும் சும்மா போவதில்லை, ஒவ்வொன்றும் இரும்பைக் கொஞ்சம் களைக்க வைத்துவிட்டுத்தான் போகிறது என்றார். ஆகவே எல்லாவற்றையும் எண்ண வேண்டும்.

எப்படி எண்ணுவது என்று கேட்டேன். கோடு வரைந்த காகிதத்தைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தார். கோட்டின் ஒவ்வொரு மடிப்பும் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியது. மேலே மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஒரு கூரையில் வழிந்து அடுத்த கூரையில் விழும், எந்தக் கூரை வரை போய் நிற்கிறதோ அதுவரை ஒரு கணக்கு என்றார். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் எண்ணுகிறார்களாம். எங்கள் பக்கத்து மழையைப் பார்த்த யாரோ ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றேன். யோசித்துப் பார்த்து, இருக்கலாம் என்றார்.

எண்ணியதை அளவுவாரியாகக் குவித்தால், சின்னது மலைபோல் இருக்கும், நடுத்தரம் குறையும், பெரியது வால்போல் நீண்டு மெலியும். அந்த வாலின் போக்கைப் பார்த்து, இருபது வருஷத்தில் ஒரே தடவை வரும் அலைக்கு இந்தத் தளம் எவ்வளவு இழுபடும் என்று சொல்லிவிடலாமாம். வராத அலைக்கு எப்படிக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

தனுவச்சபுரம் கல்லூரி பஸ்ஸைச் சொன்னார். ஒரு மாதம் காலையில் ஸ்டாப்பில் நின்று ஒவ்வொரு பஸ்ஸிலும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பரீட்சை நாளில் வரும் பஸ்ஸைப் பார்க்காமலே அதில் எத்தனை பேர் தொங்குவார்கள் என்று சொல்லிவிடுவேன் என்றார். “ஆனா ஒரு பஸ்ஸக்கூட விடாம எண்ணியிருக்கணும். கூட்டம் கண்டு கண்ண மூடப்பிடாது.”

புரிந்தது. அந்த பஸ்ஸில் நானும் தொங்கியிருக்கிறேன்.

பெயிண்ட் அறை

அடுத்த துறைமுகத்தில் டீச்சர் இறங்க வேண்டியிருந்தது. கல்லூரிப் பரீட்சை. கம்பிகள் வந்து சேரும் பெயிண்ட் அறையில் ரெக்கார்டரை என் பொறுப்பில் விட்டார். பக்கத்தில் ஒரு பழைய பெட்டியையும் வைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் முள் ஆடும் பெட்டி, இடதுக்கும் வலதுக்கும் மாற்ற ஒரு குமிழ்.

“ரெக்கார்டர் கெட்டுப்போனா இதுல முள்ளப் பாத்து எழுதுங்க அண்ணா. மணிக்கு ஒருக்க போதும். எடதும் வலதும்.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அரபிக்கடலில் நாலாம் நாள் கடல் எழுந்தது. ஒரு சன்னல் வழியாக அடித்த தண்ணீரில் ரெக்கார்டர் செத்தது. நான் நோட்டை எடுத்தேன்.

பெயிண்ட் அறையில் நிற்க முடியாது. தின்னர் நாற்றம் வேறு. தளத்து ஆட்களுக்குத் தலைவனான சாரங் வின்சென்ட், பொழியூர்க்காரன், என் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைக் குழாயில் முடிந்துவிட்டான். பசுவைக் கட்டுவது போலவே கட்டினான். “எலே சோமா, கறவை வத்திப்போச்சுன்னா சொல்லு, அவுத்து விடுதேன்.”

மூன்று நாள், மணிக்கு ஒரு தடவை. அலாரம் வைத்துத் தூங்கினேன், அலாரம் அடித்து எழுந்தேன். அரிசியும் ஊறுகாயும்தான் சாப்பாடு. சமையற்காரர் பாத்திரங்களையெல்லாம் தரையில் கட்டிப்போட்டுவிட்டார். ஒரு மணியைக்கூட நான் தவறவிடவில்லை.

முள் ஆடிக்கொண்டே இருந்தது. நான் காத்திருந்தேன். அலைகள் கூட்டமாக வரும், ஐந்தாறு போனபின் கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வில் முள் தளர்ந்து ஓரிடத்துக்கு வரும். கண்ணாடியில் விரலால் ஒரு தட்டு. நின்ற இடத்தை எழுதினேன். குமிழைத் திருப்பி மறுபக்கத்துக்கும் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் முடிவில் கடல் இறங்கியது. ரெக்கார்டரின் உள்பாகத்தை இன்ஜின் அறைச் சூட்டில் காயவைத்தேன். டீச்சர் வாட்ஸ்ஆப்பில் சொன்னபடி பூட்டிப் போட்டதும், முதலிலிருந்து தொடங்குவதுபோல் பூஜ்யத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

கரைக்கு வந்ததும் என் ஒப்பந்தம் முடிந்தது. பெட்டிகளை டீச்சருக்கு அனுப்பிவிட்டு நான் ஊருக்கு வந்தேன். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் கிடந்தது, மறுபடி சரக்கு ஏற்ற முறைக்குக் காத்துக்கொண்டு.

சொல்ல வேண்டியது

இப்போது முன்னறைக்குத் திரும்புகிறேன்.

டீச்சர் நோட்டை ஒரு தடவை புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அந்த நேரத்தில் போன் அடித்தது. கம்பெனி அலுவலகத்து ஆள். மரியாதையாகத்தான் பேசினார். நாலு நாளில் கப்பல் கிளம்ப வேண்டும், மழை இன்னும் விடவில்லை, சர்வேயர் அறிக்கைக்குக் காத்திருக்கிறார், அந்த மூன்று நாள் கணக்கு கிடைத்துவிட்டதா என்று கேட்டார். இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது என்று சொல்லி டீச்சர் வைத்தார்.

“அண்ணா, அந்த மூணு நாளு கடலு எப்பிடி கெடந்து?”

பாத்திரம் கட்டிப்போட்டதைச் சொன்னேன். கயிறு கட்டியதைச் சொன்னேன்.

“பின்ன இதுல ஒண்ணையும் காணலியே,” என்றார். “கொளத்துல கெடந்த கப்பலு மாதியில்லா இருக்கு.”

மழையும் கூரையும், பஸ்ஸும் கூட்டமும் ஒரே நொடியில் மனதுக்குள் வந்தன. அவருக்கு வேண்டியிருந்தது முள்ளின் ஆட்டம். ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆட்டத்தை விட்டுவிட்டு மீதியை நான் எழுதியிருக்கிறேன். கூட்டமான பஸ்களையெல்லாம் போகவிட்டு, காலி பஸ்ஸை எண்ணியவன்.

இந்த எண்களை அப்படியே சேர்த்தால் குவியலின் வால் சுருங்கிவிடும். கப்பல் வலுவாகத் தெரியும். வின்சென்ட்டோடு சேர்த்து இருபத்திரண்டு பேர் அதில் கிளம்பிப் போவார்கள்.

ஒரு நொடி, பெட்டிதான் பழுது என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பழைய பெட்டிதானே, யார் மறுக்கப் போகிறார்கள்? என் நோட்டை ஒருவர் கேட்டு வாங்கியது முதல் தடவை என்று சொன்னேன் அல்லவா. அது கடைசித் தடவையாகவும் ஆகிவிடும் என்று நினைத்தேன்.

“நான் முள்ளு நிக்கட்டுன்னு காத்து நின்னு எழுதினேன் டீச்சர்.”

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். எதற்குக் காத்திருந்தீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

உதியன்குளங்கரைக் கடையைச் சொன்னேன். ரப்பர் ஷீட் கட்டைக் கொக்கியில் மாட்டினால் அது ஊஞ்சல் மாதிரி ஆடும், தராசு முள்ளும் ஆடும். கொண்டுவந்தவனும் கடைக்காரனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முள்ளையே பார்த்து நிற்பார்கள். ஆடும் முள்ளைப் படிப்பவன் கள்ளன். நின்ற முள்தான் நியாயம். பதினாறு வயதில் கண்ணில் ஏறிய பழக்கம், கப்பலிலும் இறங்கவில்லை.

“எப்பிடி எழுதணும்னு நான் சொல்லல்ல,” என்றார் டீச்சர். “முள்ளப் பாத்து எழுதுங்கன்னுதான் சொன்னேன். எக்க தப்பும் உண்டு.”

படித்தவர்கள் என் தவறில் பங்கு கேட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். அந்தக் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

தராசைச் சோதித்தது

கடை இருக்கிறது. புகை போட்ட ரப்பர் ஷீட்டின் நாற்றம் ரோட்டிலேயே மூக்கில் ஏறும். முதலாளியின் மகன் சதாசிவன் இப்போது நடத்துகிறான். மின்னணுத் தராசு வந்துவிட்டது. பழைய முள் தராசும் உத்தரத்தில் தொங்குகிறது. எண் மின்னும் பெட்டியை நம்பாதவர்கள் அதில்தான் போடச் சொல்வார்கள்.

டீச்சர் அவனிடம் காரியத்தைச் சொன்னார். அவன் மறைவாக ஒரு ஷீட் கட்டை மின்னணுத் தராசில் போட்டு எடையை எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். பிறகு அதை முள் தராசில் மாட்டி ஆட்டிவிட வேண்டும். முள் முழுக்க நிற்க விடக்கூடாது, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் கப்பலில் செய்தது போலவே ஓய்வு பார்த்து எடை சொல்ல வேண்டும். இப்படி இருபது தடவை, இருபது வேறு கட்டு.

“டீச்சரே, தராசத்தானே சோதிக்கணும்? ஆள எதுக்கு?” என்றான் சதாசிவன்.

“இஞ்ச தராசு சோமன் அண்ணன் ஆக்கும்.”

சதாசிவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “சர்க்காரு முத்திர வெச்சு ரெம்ப வருசம் ஆச்சே.”

ஷீட் கொண்டுவந்திருந்த இரண்டு பேர் பீடியை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். ஒரு தடவை வேண்டுமென்றே சதாசிவன் கட்டை ஓங்கித் தள்ளினான். நான் காத்திருந்தேன். கண்ணாடியில் தட்டினேன், சொன்னேன்.

இருபதும் முடிந்ததும் டீச்சர் கடை வாசல்படியில் உட்கார்ந்து, இரண்டு பத்தி எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தார். ஒவ்வொன்றிலும் வித்தியாசம் நூறு கிராமுக்கு உள்ளே. ஒரு பக்கமாகச் சாயவும் இல்லை. சிலது கொஞ்சம் கூட, சிலது கொஞ்சம் குறைவு.

“அப்ப நோட்டுல பொய்யி இல்ல,” என்றார். “அலை இல்ல, செரி. ஆனா நடு உண்டு.”

அலை அடிக்கும்போது முள் எந்த இடத்தைச் சுற்றி ஆடுகிறதோ, அந்த நடுவிடம். கப்பல் தன் சரக்கோடு அலையே இல்லாமல் மிதந்தால் தளம் தாங்கும் இழுப்பு அது. அதைத்தான் நான் எழுதியிருக்கிறேன், எழுபத்திரண்டு மணி நேரம், இரண்டு பக்கத்துக்கும். ரெக்கார்டர் மறுபடி ஓடியபோது பூஜ்யத்தை மாற்றிக்கொண்டதால், அந்த நடு இடம் நகர்ந்ததா என்று காகிதத்தில் பார்க்க வழியே இல்லை. என் நோட்டில் மட்டும்தான் இருந்தது.

நான் தலையாட்டினேன். பாதிதான் புரிந்திருந்தது. ஆனால் ஒருவர் என் தவறை எடுத்து, அது எவ்வளவு தூரம் தவறு, எந்த இடத்தில் தவறு, மீதியில் எதை நம்பலாம் என்று அளந்து பார்த்ததை அன்றுதான் கண்டேன். என்னை வேலைக்கு வைத்தவர்கள் எல்லாம் தவறென்றால் முழுசாகத் தூக்கி வெளியே போடுகிறவர்கள்.

இடது பக்கம்

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் நோட்டு எண்களை வரைந்தார். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் காலை ஏழு மணியோடு காலை ஏழு மணியை, நடுப்பகலோடு நடுப்பகலை மட்டும் ஒப்பிட்டார். வலது பக்கம் மூன்று நாளும் அசையாமல் கிடந்தது. இடது பக்கம் இரண்டாம் நாள் மத்தியானம் வரை அப்படியே இருந்து, பிறகு ஒரு படி இறங்கியது. இறங்கியது ஏறவே இல்லை.

ரெக்கார்டர் திரும்ப ஓடிய நாட்களிலும் இடது பக்கத்து ஆட்டம் வலதைவிடக் கொஞ்சம் சிறிதாக இருந்ததாம். காற்றின் திசையால் இருக்கும் என்று விட்டிருந்தார். இப்போது அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தார்.

இரண்டில் ஒன்று என்றார். ஒட்டிய துணுக்கு இளகியிருக்கலாம். அல்லது அந்த இடத்துத் தகடு சுமையைத் தூக்காமல் இறக்கி வைத்திருக்கலாம். பக்கத்தில் எங்காவது இரும்பு வாய் பிளந்தால்தான் அப்படி நடக்கும். காகிதத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, பெயிண்டைச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும்.

கம்பெனிக்குப் போன் போட்டார். சரக்கு இறக்கும் பெரிய வாய் இருக்கிறதே, அதன் இடது மூலைகளைச் சுரண்டிப் பார்க்காமல் நான் அறிக்கை தரமாட்டேன் என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

“ஒரு ஃபிட்டர் முள் பெட்டியைப் பார்த்து எழுதிய நோட்டை வைத்து,” என்று இங்கிலீஷில் சொன்னார். அது எனக்குப் புரிந்தது. “அந்த ஃபிட்டரை நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்,” என்றும் சொன்னார். சர்வேயருக்கும் அதையே எழுதி அனுப்பினார்.

துணுக்குதான் இளகியிருந்தால் அவர் பேர் கெட்டுப்போகும். ஒரு கப்பலை வீணாக நிறுத்தி வைத்தவர் என்று அடுத்த கம்பெனி கூப்பிடாது. பதினோரு பஞ்சு என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். அது இளகாது.

நான் வின்சென்ட்டுக்குப் போன் போட்டேன். மேலிருந்து உத்தரவு வரும், வந்ததும் நீயே போய்ச் சுரண்டு, வேறு யாரையும் விடாதே என்றேன். மழையில் அந்தப் பெரிய வாய்க்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்காரச் சொல்வதற்காக என் குடும்பத்தை மொத்தமாக விசாரித்தான்.

மறுநாள் மத்தியானம் நான் டீச்சர் வீட்டில்தான் இருந்தேன். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். காற்றுச் சத்தம் முதலில் வந்தது.

“எலே சோமா. உண்டுலே.”

எவ்வளவு என்று கேட்டேன்.

“எக்க சாணுக்கு ஒரு சாணு. பெயிண்டு மேல ஒண்ணும் தெரியாது. சொரண்டுனா உள்ள துருத்தண்ணி கசிஞ்சு வருது. நீ தேச்ச எடத்துக்குப் பக்கத்து மூல ஆக்கும். நான் தெனமும் அதுக்க மேல ஏறி நின்னுதான் மக்கா சாயா குடிச்சேன்.”

அன்று சாயங்காலம் கப்பலைக் கிளம்பக் கூடாது என்று சர்வேயர் நிறுத்திவிட்டார். தகட்டை வெட்டி மாற்றும்வரை இருபத்திரண்டு பேரும் நங்கூரத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

டீச்சர் கத்தவில்லை, கைதட்டவில்லை. மடிக்கணினியைத் திறந்து எழுத உட்கார்ந்தார். ஒரு பத்தியை எழுதி முடித்து, எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். இந்த மூன்று நாளின் அலை ஆட்டம் எங்களிடம் இல்லை. பார்த்து எழுதியவர் முள் நிற்கும்வரை காத்திருந்து எழுதினார். எப்படி எழுத வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. நடு அளவுகளுக்கு அவர் எழுதியதை நம்பலாம்; இருபது தடவை சோதித்துப் பார்த்தோம். அதன்கீழ் என் பெயர்.

பெயர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்றார். தவறும் பெயரும் ஒரே பத்தியில் இருக்கிறதே என்று யோசித்துக் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

அதன் பிறகு நான் ஏறிய கப்பல்களில் முள் உள்ள எதைப் பார்த்தாலும் மூன்று எண் எழுதுகிறேன். எட்டிய உயரம், இறங்கிய ஆழம், நின்ற இடம். எதற்கு மூன்று என்று ஒரு இன்ஜினியர் கேட்டார். எங்கள் ஊர் வழக்கம் என்றேன்.

அறிக்கை எழுதிய அன்றைக்குக் காகிதத்தைச் சுருட்டினோம். அவர் வாசற்படியிலிருந்து, நான் அடுக்களையிலிருந்து. காவலுக்கு வைத்திருந்த கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து விஜயன் முறத்தில் போட்டுக்கொண்டு போனார். சுருள்கள் இரண்டும் சிவப்புத் தரையின் இருபுறமும் வந்து நின்றன. மின்விசிறி நாலைந்து நாளைக்குப் பிறகு சுற்றியது.

கிழங்கு வெந்து, காந்தாரி மிளகாய் அரைத்த வாசனை வந்தது. மேசை முழுக்க டீச்சரின் காகிதங்கள் இருந்ததால் தரையில்தான் சாப்பாடு. விஜயன் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றேன்.

டீச்சர் அந்த மூன்று எட்டு இடத்தைக் கையால் காட்டினார்.

“இனி அங்க இருக்கலாம் அண்ணா.”